மஞ்சள் என்றால் பூஜ்யம்

14 மே 2023, ஞாயிறு

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அழகாக மாற்றி எழுதிவிடுவேன், மேடைப் பேச்சுத் தொழில் அப்படி.

முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பும் சைவக் குடும்பத்தில் பிறந்த சிவக்கொழுந்து என்கிற நான், ஐம்பத்துமூன்று வயதில், இன்று காலை கொரட்டூர் மார்க்கெட்டில் இறால் வாங்கினேன். ஒரே ஒரு இறால். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று மே மாத வெயிலில் தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு போனேன். அதனாலேயே மார்க்கெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணா? பூனைக்கா சார்?" என்றாள் மீன்கார அம்மாள். மீன் தொட்டிக்கு என்றேன். "பேசாம பூனையே வெச்சிக்கோ சார். அதுக்கு ஒண்ணுன்னா கத்தவாவது கத்தும்" என்று சொல்லி, காசு வாங்காமல் கொடுத்தாள். இறால் இப்போது ஃப்ரீஸரில், போன வருஷத்து வடு மாங்காய் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தொட்டி இன்னும் வாங்கவில்லை.

அவசரத்துக்குக் காரணம் நேற்று வந்த மெசேஜ். என் மனைவி மங்கையர்க்கரசி, அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர், ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து காட்பாடியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். கோடை விடுமுறைக்குப் போயிருக்கிறாள் என்று ஃபிளாட்டில் சொல்லிவைத்தேன். எதிர் வீட்டு பத்மாவதி அம்மாள், "லீவு ஏப்ரல் கடைசியிலதானே விட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். காத்திருந்தால்கூடப் பரவாயில்லை, பொய் தயாராக இருந்தது.

மெசேஜ் இது: "ஜூன் 11 ஞாயிறு காலை 11 மணிக்கு வரேன். என் சர்டிபிகேட் ஃபைல் எடுக்கணும். வீட்ல இருங்க."

வருகிறாள் என்பதுதான் செய்தி. ஃபைல் ஒரு சாக்கு. அப்படித்தான் படிக்கிறேன்.

2019 பிப்ரவரியில் அவளுடைய நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன். நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றாள், நான் ஆர்டர் செய்த சூப் ஆறிப்போனது. "இது மாதிரி ஒண்ணு வீட்ல இருந்தா நல்லா இருக்கும்ல" என்றாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வாரமே தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கிவிட்டேன். தொட்டி, உப்பு, மீன் ஒன்றும் இல்லை, கிட் மட்டும். ஆரம்பித்துவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி. பரணில் பத்திரமாக இருந்தது, இன்று இறக்கித் துடைத்தேன். சீல்கூட உடையவில்லை. ஜூன் 11 அன்று இதையும் அவளிடம் காட்டுவேன்.

16 மே

கொளத்தூர் மீன் கடைத்தெரு. ஒரு கடையில் ஆரோக்கியம் என்பவர் சிக்கினார். நான் அவரிடம் சிக்கினேன் என்றும் சொல்லலாம்.

தொட்டியை ஐந்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்துவிட்டோம், நாலடி. ஃபில்டருக்கு மூன்று மணி நேரம். கடல் மீனுக்கு அழுக்கை வடிகட்டினால் போதாதாம், விஷத்தை வடிகட்ட வேண்டுமாம். ஆரோக்கியம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மீனு கழிக்கிறது அம்மோனியா சார். அதை ஒரு கிருமி தின்னு நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். அதை இன்னொரு கிருமி தின்னு நைட்ரேட் ஆக்கும். மீனு மட்டும் வெக்கிறவங்களுக்கு அது கொஞ்சம் இருந்தா பரவால்ல, அப்பப்ப தண்ணி மாத்தினா போதும். ஃபில்டர்ன்றது மெஷின் இல்ல சார், கிருமி குடியிருக்கிற வீடு."

ஆக, ஒருவர் கக்கும் விஷத்தை இன்னொருவர் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும்வரை குடும்பம் நடக்கும். நல்ல வரி. ஓரத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன், மேடையில் உதவும்.

எந்த வீடு என்பதுதான் கேள்வி. பவளப்பாறையைப் போட்டால் கிருமி தானாக வாழுமாம், ஆனால் நம் கடலிலிருந்து அதை எடுத்தால் கேஸ். பீங்கான் வளையம் அடைத்த கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா, கிருமிக்குக் காற்று குறைவு. கடைசியில் ஆரோக்கியம் கைகாட்டியது சொட்டு ஃபில்டர்: ஒரு கோபுரம் நிறைய முள்ளு முள்ளாகப் பிளாஸ்டிக் பந்துகள், தண்ணீர் மேலிருந்து சொட்டிக்கொண்டே இறங்கும், கிருமிக்குக் காற்றும் சாப்பாடும் ஒரே இடத்தில். அதையே முடிவு செய்தோம்.

பிறகு உள்ளே போய் ஒரு வாளியைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறத்தில் வழவழவென்று அதே பந்துகள். குப்பைத்தொட்டி வாசனை.

"என் தொட்டியில நாலு வருஷம் ஓடின பந்து சார். இந்த வழவழப்புதான் சரக்கு. இதுல பாதி போட்டுக்குங்க, ரெண்டே வாரத்துல தொட்டி ரெடி. புதுசு போட்டா ஒன்றரை மாசம் ஆவும்."

என் கையில் இருப்பது இருபத்தாறு நாள். எதை வாங்கினேன் என்று சொல்லவும் வேண்டுமா? பளபளவென்று நீல நிறத்தில் புதுசு. அரசி வந்து கோபுரத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே சளி பிடித்த பந்தா இருக்க வேண்டும்? இருபத்துநாலு வருஷமாக வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தவள் அவள். ஒரு நாளாவது நான் வைத்திருக்கிறேன் என்று தெரியட்டும்.

ஆரோக்கியம் வாளியை மூடினார். "பார்க்கிறதுக்கு புதுசு நல்லா இருக்கும் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

19 மே

தொட்டி வந்தது. ஹாலில் அவளுடைய புத்தக அலமாரி இருந்த இடம். புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில். நான்கு ஆட்கள், பதினோரு கேன் தண்ணீர், ஒரு மூட்டை உப்பு. பத்மாவதி அம்மாள் எட்டிப்பார்த்து, "மீனே இல்லையே" என்றாள். வரும் என்றேன். "யாரு?" என்றாள்.

20 மே

அந்த இறாலைப் பழைய காபி வடிகட்டியில் வைத்து முக்கினேன். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்னக் கிருமி வரும். கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சுகிறார்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஆரோக்கியத்தின் உத்தரவு: தினம் சோதிக்கணும், எழுதணும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். ஏறி இறங்கிய பிறகுதான் மீன். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டிவிட்டேன். இந்தக் குறிப்புகளை எழுதுவது அரசி விட்டுப்போன கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில். ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெறுமை. கோடு போட்ட பக்கத்தில் உண்மையை எழுத வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வாளாம். நான் இரண்டிலும் எழுதுகிறேன்.

குழாயில் ஐந்து மில்லி, சொட்டு மருந்து, குலுக்கல், ஐந்து நிமிஷம். மஞ்சள் என்றால் பூஜ்யம். பச்சை என்றால் விஷம். இன்று மஞ்சள்.

21 மே

மஞ்சள்.

22 மே

மஞ்சள்.

24 மே

மஞ்சள். இறால் நூல்நூலாக விடுகிறது, தொட்டி காசிமேட்டு மீன் துறைமுகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி மணக்கிறது. ஆனாலும் பூஜ்யம். என் தொட்டியில் ஏறவே மாட்டேன் என்கிறது. புதுப் பந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் ஏற வேண்டும் என்று சட்டமா? எங்கள் வீட்டில் இருபத்துநாலு வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு குரல் உயர்ந்ததில்லை. சண்டையே போடாத தம்பதி என்று என்னை மேடையில் அறிமுகப்படுத்துவார்கள். முகம் வாடியிருந்தால் "என்ன அரசி?" என்பேன். "ஒண்ணுமில்லை" என்பாள். விஷயம் முடிந்தது. வேறு எந்த வீட்டில் இவ்வளவு சுலபம்?

27 மே, சனி

ஆவடியில் பட்டிமன்றம். குடும்பம் இனிப்பது விட்டுக்கொடுப்பதாலா, தட்டிக்கேட்பதாலா? நான் வழக்கம்போல் விட்டுக்கொடுக்கும் அணி.

ஏப்ரலில் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன், இனிமேல் உன்னைப் பற்றி மேடையில் பேசமாட்டேன் என்று. பதில் வரவில்லை, ஆனால் வாக்கு வாக்குதானே. அதனால் இறாலைப் பற்றித்தான் பேசினேன். மஃப்ளர், பூனை, ஃப்ரீஸர். அவள் ஓரமாக வந்தாள், அவ்வளவுதான். "பொண்டாட்டி ஊருக்குப் போன வீட்டில் அழுகுகிற முதல் ஜீவன் இறால், இரண்டாவது புருஷன்" என்றேன். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. ஓரத்தில் நட்சத்திரம் போட்ட வரியும் எடுபட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பிப்ரவரி ஞாபகம் வந்தது. அவளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்கு நகைச்சுவை விருந்து நான்தான். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள், ஆசிரியைகள், முதல் வரிசையில் அவள். "உங்க கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டுல எப்படி அழுவாங்க தெரியுமா? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாங்க. எங்க ஏரியாவுல தண்ணிப் பஞ்சம் வந்ததே அதனாலதான்" என்றேன். அரங்கம் குலுங்கியது. அவளும் சிரித்தாள், நான் பார்த்தேன், பல் தெரிந்தது.

குழாய்ச் சத்தம் பல வருஷமாகக் கேட்கும். எதற்கு அழுகிறாள் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது ஜோக்காக இருந்திருக்காது.

பரீட்சை மேற்பார்வை முடிந்த மறுநாள் காட்பாடிக்குப் போனாள்.

இன்று டெஸ்ட் எடுக்க நேரமில்லை. தாளில் பூஜ்யம் போட்டுவிட்டேன்.

30 மே

அசோசியேஷன் செக்ரட்டரி வந்துவிட்டார். மூன்றாவது மாடியில் பிணவாடை என்று பத்மாவதி அம்மாள் புகாராம். மூக்கில் கைக்குட்டையோடு பேசினார். "சார், நீங்க தனியா இருக்கீங்க, ஏதாவதுன்னா சொல்லுங்க" என்று அதே கைக்குட்டையால் என் தோளைத் தட்டினார். இறாலை எடுத்துக் கருவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். மஞ்சள்.

2 ஜூன்

ஆரோக்கியத்தைக் கடையில் பார்த்தேன். "ஏறிச்சா சார்?" என்றார். ஏறிச்சு என்றேன். "நல்லா பச்சையா?" நல்ல பச்சை. "இறங்கிடுச்சா?" இறங்கிவிட்டது. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சீக்கிரமா இருக்கே. இன்னும் மூணு வாரம் விடுங்களேன் சார்." விட்டால் ஜூன் 11 போய்விடும். மேடையில் பொய் சொன்னால் ஆயிரம் பேருக்குச் சொல்வேன், ஒருத்தருக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை, இரண்டு மீன் வாங்கினேன். இரண்டில் பெரியது பொண்டாட்டியாம், சின்னது அடங்கி நடக்குமாம். பொண்டாட்டி செத்துப்போனால் சின்னதே வளர்ந்து பெண்ணாக மாறிவிடுமாம். பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன், அரை மணி நேரத்துக்குக் குறையாத சமாச்சாரம்.

3 ஜூன்

மீன்கள் நீந்துகின்றன. மஞ்சள். நாற்பது நிமிஷம் நின்று பார்க்க முயன்றேன். ஒன்பதாவது நிமிஷம் போன் எடுத்துவிட்டேன்.

5 ஜூன்

நான் பக்கத்தில் போனால் இரண்டும் தண்ணீருக்கு மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. மூன்றே நாளில் ரசிகர்கள். எதைச் சொன்னாலும் வாய்பிளந்து கேட்கின்றன. சாப்பாடு போட்டேன், தொடவில்லை. மஞ்சள்.

7 ஜூன்

நாள் முழுக்க மேலேயே நிற்கின்றன. நான் இல்லாதபோதும் வாயைத் திறக்கின்றனவா என்று சமையலறையிலிருந்து ஒளிந்து பார்த்தேன்.

திறக்கின்றன.

9 ஜூன்

செவுள் சிவந்திருக்கிறது. மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் மஞ்சள், எலுமிச்சை மாதிரி சுத்தமான மஞ்சள். ஆரோக்கியத்துக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். "எப்ப சார் ஏறிச்சு?" என்று தேதி கேட்பார். வைத்துவிட்டேன். கிட் பூஜ்யம் என்கிறது. கிட்டைவிட மீனுக்கு அதிகம் தெரியுமா?

11 ஜூன், ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் பெரியது செத்துக் கிடந்தது. அதையும் கருவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். சின்னது ஒரு மூலையில் சாய்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. சட்டை இஸ்திரி போட்டேன். காபிக்குப் பால் வாங்கினேன். டெஸ்ட் எடுத்தேன், பூஜ்யம், தாளில் ஏற்றினேன்.

பதினொன்றுக்கு வந்தாள். கையில் சாவி இருந்தும் காலிங் பெல் அடித்தாள். நேராக பீரோவுக்குப் போய் ஃபைலை எடுத்துத் தாள்களைச் சரிபார்த்தாள். குடியாத்தத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கியிருக்கிறாளாம், நாளை சேர வேண்டுமாம். இதை மின்கட்டணம் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகுதான் ஹாலில் தன் அலமாரி இல்லாததைப் பார்த்தாள், அங்கே தொட்டி இருப்பதையும்.

"உனக்காகத்தான். ஞாபகம் இருக்கா, உன் பிறந்தநாளுக்கு..." என்றேன்.

"இறால் கதை பார்த்தேன். ஸ்டாஃப் குரூப்புல யாரோ போட்டிருந்தாங்க."

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், என்ன செய்ய, முப்பது வருஷப் பழக்கம்.

"எல்லாரும் சிரிச்சிருக்காங்க" என்றாள்.

குனிந்து மீனைப் பார்த்தாள். "இது மூச்சுக்குத் தவிக்குதே." அம்மோனியா பூஜ்யம், காலையில்தான் பார்த்தேன் என்று தொட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் விரலால் மேலிருந்து கீழே வந்தாள். இருபத்துமூன்று பூஜ்யம்.

"ஏறவே இல்லையே."

"நம்ம வீட்டுல எதுதான் ஏறியிருக்கு" என்றேன், சிரிப்பாள் என்று.

"ஏறாம எப்படிங்க இறங்கும்?" என்றாள். குரல் உயரவில்லை. "இப்படி ரீடிங் எழுதிட்டு வர்ற பிள்ளையை நான் லேபுக்கு வெளியில நிறுத்துவேன்."

கிட்டிலிருந்து சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள், மேஜைமேல் வைத்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை."

உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை. கடை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். சமையலறையில் மூடி போட்ட வாளி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். காபி வடிகட்டியால் மீனை அள்ளி வாளியில் விட்டாள். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் வாளி. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், தண்ணி அலம்பும் என்றாள். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரிவதற்குள் லிஃப்ட் போய்விட்டது. பத்மாவதி அம்மாள் கதவிடுக்கில் நின்றாள். முதல் தடவையாக ஒன்றும் கேட்கவில்லை.

சாவி டீப்பாய்மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று பார்க்கவில்லை.

அதே நாள், மாலை

ஆரோக்கியம் போன் செய்தார். மீன் பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறதாம். பழைய பந்து ஓடுகிற தொட்டியில் விட்டாராம், ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கி நீந்துகிறதாம். "அம்மா பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருந்தாங்க சார், நாற்காலி போட்டேன், உக்காரல. மீனை நானே வெச்சிக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்க." பிறகு, "ஏறிச்சுன்னு சொன்னீங்களே சார்" என்றார்.

புதுப் பந்துதான் காரணம் என்றேன். உங்கள் வாளியை வாங்கியிருக்க வேண்டும், அழுக்குக்குக் கூச்சப்பட்டதுதான் என் தப்பு, மற்றபடி என் பக்கம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, 2019-லேயே ஆரம்பித்தவன் நான் என்றெல்லாம் விளக்கினேன். அவர் உம் கொட்டினார். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது.

12 ஜூன்

கிட்டை மறுபடி பரணில் ஏற்ற எடுத்தேன். அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன பாட்டில், லேபிள் என் பக்கம் பார்த்து நின்றது. பொடி எழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில்தான் படிக்க முடிகிறது.

காலாவதி: மார்ச் 2021.